மாட்டு வண்டியில் வந்த புத்தகம்

‘படிக்கணும்னு ஆசைதான் சார். புத்தகம் விக்கிற விலையில எங்கேர்ந்து வாங்கறது?’

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும், கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், கையில் நாற்பதாயிரம் ரூபாய் செல்போனை வைத்துக்கொண்டு கேட்பவர். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சிரித்துவிட்டு இன்னொரு டீ வாங்கித் தரலாம். இரண்டாவது ரகம், நிஜமாகவே மாசக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுகிறவர். குறுவை போட்டு, தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் தினமும் பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை. நானூறு ரூபாய் நாவல் அவருக்கு நிஜமாகவே நானூறு ரூபாய். இந்தக் கட்டுரை அவருக்காக. அவரிடம் ‘ஒரு வேளை பிரியாணியை விட்டா ஒரு புத்தகம் வாங்கலாமே’ என்று உபதேசம் செய்கிற கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. பிரியாணியும் வேண்டும் சார், புத்தகமும் வேண்டும். அதற்கு என்ன வழி?

வழி புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம்ம ஊரிலேயே தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் செய்து காட்டிவிட்டார்.

மன்னார்குடியில் மேலவாசல் தெரியுமா? அங்கே 1931 அக்டோபர் 21-ம் தேதி ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் நெல் மூட்டை இல்லை, வைக்கோல் இல்லை, கல்யாணக் கோஷ்டியும் இல்லை. முழுக்கப் புத்தகம். சுற்றுப்பட்ட கிராமங்களுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது வாங்கிக்கொண்டு வேறு புத்தகம் கொடுக்கிற வண்டி. நடமாடும் நூலகம். இந்தியாவில் இந்த மாதிரி முயற்சிகளின் சரித்திரத்தைச் சொல்லும்போது மன்னார்குடி வண்டியைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வண்டியை ஓட விட்டவர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை. பொறியாளராக இருந்தவர். தன் சொந்தப் பணத்தைப் போட்டுச் செய்தார்.

1931 எப்படிப்பட்ட வருஷம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, அந்த அலை உலகம் பூராவும் அடித்து, இங்கே நெல் விலை பாதாளத்துக்குப் போயிருந்த சமயம். மேட்டூர் அணை இன்னும் கட்டி முடியவில்லை, அது 1934-ல்தான். மிராசுதாரே கையைக் கடிக்கிறது என்று புலம்பிய காலம். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த லட்சணத்தில் ஒரு மனிதர் புத்தகத்தை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். ‘யார் படிக்கப் போறாங்க?’ என்று அன்றைக்கும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். இந்தக் கேள்வி கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

வண்டிக்குப் பின்னால் இன்னொரு மூளையும் இருந்தது. சீர்காழிக்காரர். எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் அங்கே பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆளரவமே இல்லாத அறையில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது தண்டனை மாதிரி இருந்திருக்கிறது. திரும்பவும் வகுப்பறைக்கே போய்விடத் துடித்தவரை, லண்டனுக்கு அனுப்பி நூலகங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே சாதாரணத் தொழிலாளியும் குழந்தைகளும் நூலகத்துக்குள் சர்வசாதாரணமாக நுழைந்து புத்தகம் எடுத்துப்போவதைப் பார்த்தார். ஆள் மாறிவிட்டார். திரும்பி வந்து அவர் எழுதிய ஐந்து விதிகள் உலகம் பூராவும் நூலகப் படிப்பில் பாடம். அந்தப் புத்தகம் வெளிவந்ததும் அதே 1931-ல்தான்.

அந்த ஐந்தையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. முதல் விதியின் சாரம் மட்டும் போதும்: புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. ‘இதைச் சொல்ல ஒரு மேதை வேணுமா?’ என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும் புத்தகங்களைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். அவர் மீட்டிங் போயிருப்பார்.

இப்போது ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள் (கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை). அதில் ‘நூலக வரி’ என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. ரங்கநாதன் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடி 1948-ல் கொண்டுவந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் விளைவு இது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் நம்முடையதுதான். அப்போது கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார்.

ஆக, புத்தகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஹோட்டலில் சாப்பாட்டு டோக்கன் வாங்கிவிட்டு இலையில் உட்காராமல் வெளியே வந்து, ‘சாப்பாடு விலை ஜாஸ்தி’ என்று சொல்கிற மாதிரி இருக்கிறது நம் கதை.

தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. உறுப்பினராக ஆவதற்கு வைப்புத் தொகை, சந்தா எல்லாம் சேர்த்தாலும் கிளை நூலகத்தில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம், நாகை, திருவாரூர் என்று எந்த ஊரிலும் இருக்கிறது. உள்ளே போனால் ஃபேன் ஓடும். பேப்பர் படிக்கும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், மூலையில் தூங்குகிற ஒருத்தர், எல்லாரும் இருப்பார்கள். கதைப் புத்தக அலமாரிப் பக்கம் மட்டும் கூட்டம் இருக்காது. உங்களுக்கு நல்லதுதானே!

சரி, நூலகத்தைப் புகழ்ந்துவிட்டேன். இனி திட்டவும் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் நியாயமில்லை.

அந்த அலமாரியில் என்ன இருக்கிறது? தி.ஜானகிராமனின் ஒரு நாவல் இருக்கும், அட்டை இருக்காது. பக்கத்தில் புத்தம்புதிதாய், ஒருத்தர் கையும் படாமல், ‘வெற்றிக்கு வழிகாட்டும்’ ரகப் புத்தகங்கள் வரிசையாய் நிற்கும். ஒரே வேலையைச் செய்யச் சொல்லும் பன்னிரண்டு புத்தகங்கள். இது எப்படி வந்தது என்றால், நூலகத் துறை புத்தகம் வாங்கும் முறை அப்படி. ரொம்ப வருஷங்களாகப் பக்கக் கணக்கை வைத்தே விலை நிர்ணயம் செய்தார்கள். பத்து வருஷம் உழைத்து எழுதிய ஆராய்ச்சிக்கும், பத்து நாளில் வெட்டி ஒட்டிய கோலப் புத்தகத்துக்கும் பக்கத்துக்கு ஒரே ரேட்டு. நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலால் அளந்து ஒரே விலை போட்டால் சந்தைக்கு எது வரும்? எங்கள் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள், சொல்வார். நூலக ஆணை வரும் என்று நம்பியே ஆயிரம் பிரதி அச்சடிக்கிற பதிப்பகங்கள் உருவாகின. ஆணை நின்றுபோன வருஷங்களில் நல்ல பதிப்பகமும் சேர்ந்து தவித்தது.

இன்னொன்று, வரி. மக்களிடம் வசூல் செய்த நூலக வரியை உள்ளாட்சிகள் ஒழுங்காக நூலகத் துறைக்குக் கட்டுவதில்லை, கோடிக்கணக்கில் பாக்கி என்று அவ்வப்போது பேப்பரில் செய்தி வரும். ரெண்டு நாள் பேசுவோம். அப்புறம் வேறு செய்தி வந்துவிடும்.

அதைவிட மனசு ஆறாத விஷயம், கிராமத்து நூலகங்கள். 2006-ல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இருந்த 12,618 ஊராட்சிகளிலும் ஊருக்கு ஒரு நூலகம் என்று ஐந்து வருஷத்தில் கட்டினார்கள். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரியம்! மேலவாசல் மாட்டு வண்டி போக முடியாத ஊருக்கெல்லாம் கட்டடமே போய்விட்டது. புத்தகமும் வந்தது, நாற்காலியும் வந்தது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சொற்ப மதிப்பூதியத்தில். கொஞ்ச நாளில் பல ஊர்களில் ஆளும் போனார், பூட்டு வந்தது. டெல்டாவில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். ஒரே மாதிரி பெயின்ட் அடித்த சின்னக் கட்டடம், வாசலில் ஆடு படுத்திருக்கும். பக்கத்தில் நெல் காயும். பிறகு புதுப்பிக்கிறோம் என்று அரசு அறிவித்தது, சில இடங்களில் திறந்தும் இருக்கிறார்கள். இன்னும் பூட்டிய கதவுகளும் இருக்கின்றன.

சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று அரண்மனை மாதிரி இரண்டு வந்திருக்கின்றன. இரண்டும் அருமை, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வலங்கைமான் பக்கத்துப் பையன் அதற்காக ரயில் ஏறிப் போக முடியாது. அரண்மனை கட்டத் தெரிந்தவர்களுக்கு வண்டி ஓட்ட ஏன் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி. கனகசபைப் பிள்ளையின் சாமர்த்தியம் கட்டடத்தில் இல்லை. வண்டி திரும்ப வந்தது பாருங்கள், அதில் இருக்கிறது. கொடுத்தால் போதாது, மறுபடி வர வேண்டும். வாங்கிக்கொண்டு வேறொன்று தர வேண்டும்.

‘இரவல் புத்தகம் படிச்சு யார் சார் உருப்பட்டா?’ என்று கேட்பவர்களுக்குக் கும்பகோணத்தில் பதில் இருக்கிறது.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. ஜவுளிக் கடைக் கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன். வீட்டில் தங்கியிருந்த காலேஜ் மாணவர்களின் கணக்குப் புத்தகங்களை வாங்கிப் படித்து முடித்துவிட்டான். 1903-ல் ஒரு நண்பர் மூலம் கல்லூரி நூலகப் பிரதி ஒன்று கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேய டியூஷன் வாத்தியார் தொகுத்த கணிதச் சுருக்கம். சுமார் 5,000 தேற்றங்கள், நிரூபணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கான கைடு என்றே சொல்லலாம். பெரிய மேதைகள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பையனுக்கு வயசு பதினைந்து, பதினாறு. ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தான். பேப்பர் வாங்கக் காசு கிடையாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு... முடிவை மட்டும் நோட்டில் எழுதினான். சீனிவாச ராமானுஜன்.

இதில் எனக்கு வியப்பு அவர் மேதைமை அல்ல. அதைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்கு வியப்பு அந்த இரவல் பிரதி. அந்த நண்பர் ‘ஐயோ, லைப்ரரி புத்தகம், கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால்? பிற்பாடு இந்த ராமானுஜனைப் பற்றி 1967-ல் ஒரு புத்தகம் எழுதியவர் யார் தெரியுமா? நம்ம சீர்காழி ரங்கநாதன்தான். கணக்கு வாத்தியார் அல்லவா! இரவல் புத்தகத்தின் மகிமை தெரிந்தவர் எழுதியது பொருத்தம்.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். உத்தமதானபுரத்துக்காரர். படிக்கிற காலத்தில் அவரிடம் ஏது காசு! ஏட்டுச்சுவடியை இரவல் வாங்கி, பிரதி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்துப் படித்த தலைமுறை அது. ஜெராக்ஸ் மிஷின் கையிலேயே இருந்தது, எழுத்தாணி என்று பெயர். பிற்பாடு 1887-ல் அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது எப்படி? பணக்காரப் பதிப்பாளர் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. ‘புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்’ என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார். இன்றைக்கு இதற்கு ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று பெயர் வைத்து, இருபது சதவிகிதம் தள்ளுபடி கொடுக்கிறார்கள். காசு குறைவாக உள்ளவர்களுக்கு இதுவும் ஒரு வழி. பதிப்பகங்களின் அறிவிப்பைக் கவனித்தால் போதும்.

மலிவு விலைப் பதிப்பு என்றதும் இங்கிலாந்தில் ஆலன் லேன் என்பவரைச் சொல்வார்கள். 1935-ல் பெங்குவின் புத்தகங்களை ஆறு பென்ஸுக்கு விற்றார், ஒரு சிகரெட் பாக்கெட் விலைக்கு. நமக்கும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சக்தி வை.கோவிந்தன் 1950-களில் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். மர்ரே எஸ்.ராஜம் சங்க இலக்கியத்தையும் கம்பராமாயணத்தையும் பதம் பிரித்து, சாதாரண ஆளும் வாய்விட்டுப் படிக்கிற மாதிரி அச்சிட்டு, அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். அந்தப் பதிப்பில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். மலிவு என்றால் மட்டம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அப்புறம் ரஷ்யப் புத்தகங்கள். டெல்டாவில் செங்கொடி பறக்காத கிராமம் குறைவு. அதனால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கொண்டுவந்து விற்ற மாஸ்கோ புத்தகங்களும் ஊர் ஊராகப் போயின. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர். கெட்டி அட்டை, வழவழ காகிதம், விலையோ சில ரூபாய். ரா.கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, பூ.சோமசுந்தரம் மொழிபெயர்ப்பில் ‘உண்மை மனிதனின் கதை’. பனியே பார்க்காத ஊர்க்காரர்கள் பனியில் தவழ்ந்து போன விமானியின் கதையைக் கண்ணீரோடு படித்தார்கள். 1991-ல் சோவியத் யூனியன் போனது. அரசியல்வாதிகள் எதற்கெல்லாமோ வருத்தப்பட்டார்கள். வாசகர்களுக்கு வருத்தம் வேறு, இனி அந்த விலைக்கு அந்தப் புத்தகம் வராது. இன்றைக்கும் பழைய புத்தகக் கடையில் அவை கிடைக்கின்றன. ஐம்பது வருஷமாகியும் தையல் விடவில்லை.

ஓரளவு அந்த இடத்தை நிரப்புவது நேஷனல் புக் டிரஸ்ட். வங்காளி ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, உருது ‘அக்னி நதி’ எல்லாம் தமிழில் அவர்கள் போட்டவை. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் வெளிச்சம் போட்ட ஸ்டால்களைத் தாண்டி, ஓரமாக இருக்கிற இவர்கள் கடைக்கு முதலில் போங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் விழாக் காலங்களில் கணிசமாகத் தள்ளுபடி கொடுப்பதுண்டு.

இப்போது கசப்பான விஷயம் ஒன்று. கல்கி. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். 1950-லிருந்து வாராவாரம் தொடராக ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, பெரும்பாலான வீடுகளில் அதைக் காசு கொடுத்துப் புத்தகமாக வாங்கவில்லை. பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, சேர்த்து வைத்து, பைண்டிங் பண்ணினார்கள். நடுவில் கேசவர்த்தினி விளம்பரமும் சேர்ந்தே பைண்ட் ஆகியிருக்கும். தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், அது இருபது வீட்டுக்குப் போய்வரும். ‘மாமி, ரெண்டாம் பாகம் ஆச்சா?’ என்று கொல்லைப்புறத்திலிருந்தே குரல் வரும். அந்த பைண்டிங் புத்தகத்தில் மஞ்சள் கறை இருக்கும், கறிவேப்பிலை வாசனை இருக்கும், ஓவியர் மணியத்தின் படங்களும் இருக்கும்.

1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நல்ல காரியம். ஐந்து பாகமும் மலிவாகக் கிடைக்கிறது, பஸ் ஸ்டாண்ட் கடையில்கூட. எடுத்துப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் எழுத்து எறும்பு சைஸ். சிலவற்றில் அத்தியாயத் தலைப்பே தப்பு. ஒற்று என்ற ஒன்று தமிழில் இருப்பதே தெரியாமல் கோத்த பக்கங்கள். காகிதம் ஊடுருவி மறுபக்கத்து வந்தியத்தேவன் இந்தப் பக்கம் குதிரை ஓட்டுகிறான். மலிவு என்பதற்காக இதை மன்னிக்கலாமா? கூடாது என்பேன். காசில்லாத வாசகனுக்குத்தான் நல்ல அச்சு அதிகம் தேவை. அவன் அந்த ஒரு பிரதியைத்தான் பத்து வருஷம் வைத்துப் படிக்கப் போகிறான். மர்ரே ராஜம் செய்ததை இந்தக் கணினிக் காலத்தில் செய்ய முடியாதா என்ன? வாங்கும்போது ஐந்து பக்கம் நின்று படித்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் வேறு கடை.

பைசா செலவில்லாத வழியும் இருக்கிறது. எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும். இது இந்தியச் சட்டம். அப்படிப்பட்ட நூல்களையும் நாட்டுடைமையான நூல்களையும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இணையத்தில் ஏற்றிவருகிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்துப் போட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள், பத்திரிகைகள் ஸ்கேன் செய்த வடிவில் குவிந்து கிடக்கின்றன. செல்போனில் படிக்கலாம். கண் வலித்தால் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம், தாத்தாக்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் நாவல் பி.டி.எஃப். வடிவில், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்றைக்குத் தமிழில் பல நாவல்கள் முன்னூறு பிரதிதான் அச்சாகின்றன. அந்த முன்னூறிலும் கை வைத்தால் அடுத்த நாவல் வராது. அடுத்தவன் வயல் மடையை ராத்திரியில் வெட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிற மாதிரிதான் இதுவும். காசில்லையா, நூலகத்தில் கேளுங்கள்; வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நண்பரிடம் இரவல் வாங்குங்கள். ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தால் எழுத்தாளருக்கு வருத்தமில்லை, பத்தில் ஒருத்தர் அடுத்ததை வாங்குவார்.

‘எல்லாம் சரி, எதிலேர்ந்து ஆரம்பிக்க?’ என்று கேட்கிறீர்களா? நம்ம ஊர்க்காரர் ஒருத்தரையே சொல்கிறேன். கு.ப.ராஜகோபாலன். கும்பகோணம். 1902-ல் பிறந்து 1944-ல் போய்விட்டார். நடுவில் கண்புரை வந்து கொஞ்ச காலம் பார்வையே இல்லாமல், சொல்லச் சொல்ல எழுத வைத்தவர். இவர் கதைகளுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆறேழு பக்கக் கதைகள்தான். ‘விடியுமா’ என்று ஒன்று. புருஷனுக்கு உடம்பு மோசம் என்று சென்னையிலிருந்து தந்தி வருகிறது. சகோதரியை அழைத்துக்கொண்டு சகோதரன் ராத்திரி ரயிலில் கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ரயில் பெட்டிக்குள் நம்பிக்கை ஏறுவதும் இறங்குவதும், தெரிந்த பதிலை இருவருமே கேட்காமல் உட்கார்ந்திருப்பதும்... இன்றைக்கு இருபது பக்கம் எழுதி மூச்சு வாங்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஓர் இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. நீங்களும் அந்த மெயின் லைன் ரயிலில் மாயவரம், சிதம்பரம் தாண்டி எத்தனையோ முறை எழும்பூருக்குப் போயிருப்பீர்கள். ஒருமுறை இந்தக் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்.

பிறகு ‘ஆற்றாமை’, ‘திரை’, ‘கனகாம்பரம்’. அப்புறம் பிச்சமூர்த்தி, எம்.வி.வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு, தி.ஜா., தஞ்சை ப்ரகாஷ். இந்த ஆற்றங்கரையில் ஒரு ஆயுசுக்குப் படிக்க இருக்கிறது. பின்னவர்களின் புத்தகங்களுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது, அதற்குத்தான் நூலகம்.

கடைசியாக, தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி காசி யாத்திரை போன இடத்திலெல்லாம் வாங்கிக் குவித்த சுவடிகள், நாற்பதாயிரத்துக்கும் மேல். 1918 வரை ராஜ குடும்பத்துச் சொத்து, அதற்குப் பிறகு பொதுச் சொத்து. உங்கள் சொத்து. சுவடி படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அவற்றிலிருந்து அச்சிட்ட புத்தகங்களை அவர்களே விற்கிறார்கள், வெளிக் கடை விலைக்கு ரொம்பக் குறைவு. சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் ஒன்று வாங்கிப் பாருங்கள். சரபோஜி அரண்மனை மடப்பள்ளிச் சமையல் குறிப்பும் புத்தகமாக வந்திருக்கிறது. பிரியாணிக்கும் புத்தகத்துக்கும் நடுவே தவிப்பவருக்கு அது தோது.

நாளைக்கே உறுப்பினர் ஆவதென்றால் ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.